அஞ்சுக்கு மூணு

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். சுகாதாரத் தகவல் தொலைபேசி நிலையத்திலிருந்து நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். “அக்கா, இனிமே நாங்க யாருக்கும் போன் போட்டு ‘எங்க சேவை எப்படி இருந்துச்சு’ன்னு கேக்க வேண்டாமாம். மெஷினே கூப்பிட்டுக் கேட்டுக்கிடுமாம். திருப்தின்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. அழுத்திட்டு வச்சிரலாம்” என்றாள். பிள்ளை வருத்தப்படுகிறாளே என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்தாள். “காதுவலி மிச்சம்க்கா” என்றாள்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பொய் சொல்வானேன்? அந்த வேலையை விட்டு வந்த அன்றைக்கு, காதில் மாட்டும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வருகிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மணி கேட்டதற்குக்கூடக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அந்த வாய்க்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது.

ஆனால் ஜெனிபர் விடுகிற ஆள் இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், நீங்கள் எப்படிக் கேட்டீர்கள், அந்த ஆறாவது கேள்வி எங்கிருந்து வந்தது, எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், தடுப்பூசி, பிரசவம், பாம்புக்கடி, சர்க்கரை என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் மக்கள் எங்கள் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம். காசு கிடையாது. போனை எடுக்கிற பெண்கள், டாக்டர்கள் எழுதிக் கொடுத்த பதிலைப் பார்த்துச் சொல்வார்கள். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். ஒரு வாரம் கழித்து, அப்படிப் பேசியவர்களில் சிலரை நாங்கள் கூப்பிட்டு, “நாங்க சொன்னது எப்படி இருந்துச்சு?” என்று மார்க் கேட்க வேண்டும். கேட்கிற மேசையில் இருந்தது நானும் இன்னும் இரண்டு பேரும்.

அதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதிக் கொண்டிருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மத்தியானம் வரை கத்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. “இந்தம்மாவுக்குத் தொண்டை வத்தாது” என்று யாரோ மேலே சொல்லி, இங்கே தள்ளிவிட்டார்கள். மதுரையில் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றபடி எனக்கு நினைவிருப்பது ஒரே விதிதான். “நீங்க கேக்குற ஆளு. சொல்ற ஆளு இல்லை. யாராவது வைத்தியம் கேட்டா டாக்டர்கிட்ட லைனைக் கொடுங்க. நீங்களா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.” சீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்கே வைத்தியம் சொல்லிப் பழகியவளுக்கு இது எம்புட்டுக் கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து கேள்விகள். போன் சுலபமாகக் கிடைத்ததா, மரியாதையாகப் பேசினார்களா, சொன்னது புரிந்ததா, அது உதவியாக இருந்ததா, மறுபடி கூப்பிடுவீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். கேட்பது லேசு. உண்மையான பதிலை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு குணம் உண்டு. யாருடைய சோற்றிலும் மண் போட மாட்டார்கள். மார்க் கேட்டால், குறைத்துச் சொன்னால் போனில் பேசிய பெண்ணுக்கு வேலை போய்விடும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். நான் கேள்வியை முடிப்பதற்குள் “அஞ்சு போட்டுக்கோ தாயி” என்பார்கள். வத்திராயிருப்பில் ஒரு தென்னந்தோப்புக்காரர் “எல்லாத்துக்கும் அஞ்சு. இன்னும் கேள்வி இருந்தா அதுக்கும் அஞ்சு” என்றார். ஒரு பாட்டியம்மா ஐந்தும் கொடுத்து, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் விசாரித்தார்.

இதில் உச்சம் வ.புதுப்பட்டிக்காரர் ஒருவர். ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து என்று கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நான் சும்மா, “எங்க பொண்ணு என்ன சொன்னாங்கண்ணே?” என்று கேட்டேன்.

“எந்தப் பொண்ணு? லைனே கெடைக்கலயே தாயி. செத்த நேரம் பாட்டுப் போட்டாவ, பொறவு கட் ஆயிருச்சு.”

“அப்போ எதுக்குண்ணே அஞ்சு?”

“பாட்டு நல்லாத்தான இருந்துச்சு” என்றார்.

இதை நான் சிரித்துக்கொண்டே எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் சகுந்தலா. எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பு அவர்தான். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் என்னைப் “பாக்கியம்மா, வாங்க, உக்காருங்க” என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சாயங்காலம் ஆனதும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். மேசையில் வறுகடலைப் பொட்டலம் பிரிந்திருக்கும். “படிங்க” என்பார். அன்றைக்கு யார் யாரிடம் பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இந்தம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க” என்று நான் வாசித்தால் கண்ணைத் திறக்காமலே, “சந்தோஷம் நீங்க எழுதினது. அவங்க வாயால என்ன சொன்னாங்க?” என்பார். சொல்வேன். “அப்புறம்?” என்பார். அதையும் சொல்வேன். மறுபடியும் “அப்புறம்?” என்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ‘அப்புறம்’ இருக்கிறதே, அதற்குப் பயந்து நான் எத்தனை பேரிடம் கூடுதலாகப் பேசியிருக்கிறேன்!

புதுப்பட்டிக்காரர் கதையைக் கேட்ட அன்றைக்குக் கடலையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “அவர் நமக்கு மார்க் போடலை பாக்கியம்மா. நம்ம வேலை போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்காரு. நல்ல மனுஷன். ஆனா இதை வச்சு நாம என்னத்தைத் திருத்துறது?” என்றார். மறுநாள் காலையில் எங்களுக்கு ஆறாவதாக ஒரு கேள்வி கொடுத்தார். அதற்கு மார்க் கிடையாது. “போனை வச்ச பொறவு என்ன செஞ்சீங்க?” அவ்வளவுதான். மேலிடத்திலிருந்து வந்த படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அடியில் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் வேறு தினுசாக இருந்தன. ஐந்துக்கு ஐந்து கொடுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார், பஸ் இல்லை என்பார். இன்னொருவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மறைக்க அவர்களுக்குத் தோன்றாது. அதில் யார் வேலையும் போகாதல்லவா?

இனி, எனக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணை முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. ஊர் எங்கள் ராஜபாளையம்தான். நாயின் பெயரை மட்டும் மாற்றவில்லை. வெள்ளச்சி. அது வந்து என்னிடம் சண்டை போடாது.

காலையில் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவரைக் கூப்பிட்டேன். ஒரு வாரத்துக்கு முன் அவர் எங்களிடம் நாய்க்கடி பற்றிக் கேட்டிருந்தார். கடிபட்டது யார் என்ற இடத்தில் ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று குறித்திருந்தது. ஐந்து கேள்விக்கும் ஐந்து கொடுத்தார். “அந்தப் பிள்ளை மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன் மேடம். தெளிவா சொல்லுச்சு” என்று இரண்டு முறை சொன்னார். ஆறாவது கேள்வியைக் கேட்டேன்.

“போனை வச்ச பொறவு என்ன செஞ்சீங்கம்மா?”

“என்ன செய்ய? சோறு வடிச்சேன்” என்றார்.

அப்போது அந்தப் பக்கம் நாய்க்குட்டிகள் முனகுகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே. ராஜபாளையத்துக்காரி காதுக்கு அது தப்புமா? எங்கள் ஊர் வெள்ளை நாயை வளர்க்கிறவர்கள் அதைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள். அதன் பெயரில் இவர்கள் பெயரும் இருக்கும். “அந்த வெள்ளை நாய் இருக்கிற வீடு” என்றுதான் தெருவே அடையாளம் சொல்லும்.

“குட்டி போட்டிருக்காம்மா? நானும் ராஜபாளையந்தான்” என்றேன்.

“ஆமாக்கா” என்றார். மேடம் போய் அக்கா வந்துவிட்டது. “ஆறு குட்டி. தாய்தான் ஒண்ணும் திங்க மாட்டேங்கு.”

கடித்தது இந்த நாய்தானோ என்று எனக்குத் தோன்றியது. மெதுவாகக் கேட்டேன். “பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கிட்டாராம்மா?”

முனகிய குட்டிகளை அவர் அதட்டுவது கேட்டது.

“போடலக்கா.”

“ஏம்மா?”

“அன்னைக்கே சொன்னேன், கேக்கல. இனி போட்டு என்னக்கா ஆவப் போகுது? உடனே போடணும், தாமசம் பண்ணக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை அம்புட்டுத் தெளிவா சொல்லுச்சே. ஒரு வாரம் ஓடிப் போச்சு. இனி நாங்க என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள்.

வெறிநாய்க்கடி பற்றி இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். நோய் கண்டு, தண்ணீரைப் பார்த்தாலே பயம் வர ஆரம்பித்துவிட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். அதற்கு முன் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஆனாலும் போடலாம், போட்டே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தவள், எனக்கு இது தெரியும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் நான் கேட்கிற ஆள்தானே. தப்பும் தவறுமாக நான் ஒன்று சொல்லி, அவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டால் ஒரு உயிர். “லைன்லயே இரும்மா, வச்சிராத. டாக்டரம்மாகிட்ட தாரேன்” என்றேன்.

“பேரு கேப்பாங்களா? ஆஸ்பத்திரியில எழுதிட்டா முனிசிபாலிட்டியில இருந்து வந்து நாயைப் புடிச்சிட்டுப் போயிருவாங்களாம்ல? அவிய அதுக்குத்தான் பயப்படுதாவ” என்றார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைச் சொல்கிற ‘அவிய’ வாயில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை யார் அப்படிச் சொல்வார்கள்? சொன்னதும் அவருக்கே தெரிந்துவிட்டது. “பக்கத்து வீட்டு அண்ணன்” என்று அவசரமாகத் திருத்தினார்.

டாக்டரம்மா அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, கருவியை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை என் காதில் மாட்டச் சொன்னார்.

“வணக்கம்மா. நான் டாக்டர் பேசுறேன். பேரெல்லாம் எனக்கு வேண்டாம். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்க கடி?”

“கையில, டாக்டரம்மா. கட்டைவிரல் பக்கம்.”

“சரி. அவர்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க. நாள் கடந்துபோனாலும் பரவாயில்லை. ஊசி இன்னைக்கே போடலாம். இன்னைக்கே போடணும். போன வாரமே போயிருந்தா நல்லது. அதுக்காக இன்னைக்குப் போறது வீண் இல்லை. புரியுதா?”

“இன்னும் போடலாமா?” என்றார் அந்தப் பெண். அதைக் கேட்ட குரலை என்னால் எழுத முடியாது.

“போடலாம்மா. உங்க ஊரு ஆஸ்பத்திரியிலேயே இருக்கு. அப்புறம் அந்த நாய். வீட்டு நாய்தானே? யாரும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க. தனியா கட்டிப்போட்டு, குழந்தைகளை அண்ட விடாம கவனிக்கணும். சாப்பிடலைன்னா மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, நீங்களா தொடாதீங்க. அதுக்கு ஊசி போட்டிருக்கா?”

“வருசா வருசம் போடுவாவ. இந்த வருசம் சினையா இருந்துச்சுன்னு தள்ளிப் போட்டுட்டாவ.”

“சரி. அப்புறம்?”

எங்களைப் படுத்திய அதே ‘அப்புறம்’. அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. கொட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறார். சொந்த நாய் கடித்தது என்றால், நாய் வளர்க்கத் தெரியாதவன் என்று ஊர் பேசும். “வெள்ளச்சி என் பிள்ளை. பிள்ளை கடிச்சா எவனாவது ஊசி போடுவானா?” என்று பெண்டாட்டி வாயை அடைத்துவிட்டார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பயம்.

“தண்ணிப் பானைகிட்ட போயிப் போயி நிக்காவ டாக்டரம்மா. ஒரு மடக்குக் குடிச்சுப் பாக்குறது. செத்த நேரம் கழிச்சு மறுபடி ஒரு மடக்கு. தண்ணியப் பாத்தா பயம் வருதான்னு பாக்காவ. நான் பாக்குறது அவியளுக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன், அவிய சொல்லவும் மாட்டாவ.”

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். “பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெண்டாட்டி இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்கா” என்றார் அவர், சன்னமாக.

“அவங்க தைரியமானவங்க. புருஷனுக்குத் தெரியாம எங்களுக்குப் போன் போட்டவங்க. அவங்களையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சட்டையை எடுத்துக் கொடுத்து, வாசல்ல நிக்கச் சொல்லுங்க.”

முத்துலட்சுமி போனை வைத்தார். டாக்டரம்மா கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் கடலை வாங்கி வரச் சொல்லவில்லை.

போனாரா, போகவில்லையா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஒரு போன் போட்டால் இன்றைக்கு நாய்க்கடிக்கு யார் வந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். கேட்கட்டுமா என்று டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். “பேர் வேண்டாம்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் பாக்கியம்மா” என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாக்காவது, மண்ணாங்கட்டியாவது, ஒரு ஆள் சாகக் கிடக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மேசைக்குத் திரும்பினேன். டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடினேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது தெருவில் எந்த வெள்ளை நாயைப் பார்த்தாலும் வெள்ளச்சியாகவே தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் எண்ணைக் கூப்பிட டாக்டரம்மா அனுமதித்தார். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டேன். அப்படியேதான். நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு ஆட்களுக்குப் போன் போட்டு ஐந்துக்கு ஐந்தாக வாங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், போனை எடுக்கும் பகுதியிலிருந்து தங்கம் ஓடி வந்தாள். போன வாரம் முத்துலட்சுமிக்குப் பதில் சொன்ன பெண் அவள்தான். “அக்கா, நேத்துப் பேசுன ராஜபாளையத்து அக்கா வேணும்னு ஒருத்தங்க லைன்ல நிக்காங்க” என்றாள்.

“போட்டாச்சுக்கா” என்றார் முத்துலட்சுமி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. “போன்ல சார்ஜ் இல்ல, அதான் லேட்டு. நேத்து சட்டைய எடுத்துக் கைல கொடுத்தேன். இன்னும் போடலாமாம்னு சொன்னேன். என்னையப் பாத்துக்கிட்டே நின்னாவ. ‘நெசமாவா?’ன்னு கேட்டாவ. பொறவு எனக்கு முன்னால தெருவுல எறங்கி நடக்காவ. செருப்பைக்கூட மறந்துட்டுப் போனாவக்கா.”

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

வெள்ளச்சிக்கும் வைத்தியம் நடந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, வாயைக் கட்டிப் பார்த்தபோது ஒரு பக்கத்து மடி பால் கட்டிக் கல்லாக வீங்கியிருந்ததாம். அன்றைக்குக் குட்டியைப் பாலுக்கு எடுத்து விடப் போன வீட்டுக்காரர் அந்த இடத்தில் கையை வைத்திருக்கிறார். வலியில் கடித்துவிட்டது. மருந்து கொடுத்ததும் இரண்டாம் நாளே சோற்றுச் சட்டியை நக்கிக் காலி செய்துவிட்டதாம். அது நன்றாக இருந்தாலும், போட ஆரம்பித்த ஊசியை முழுதும் போட்டுவிடச் சொன்னார்கள். அவரும் போட்டுக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்ததென்று நான் நினைத்தேன். டாக்டரம்மா நினைக்கவில்லை. நாய்க்கடிக்கு நாங்கள் சொல்லும் பதிலை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டார். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தாமதிக்காதீர்கள். ஒவ்வொரு வார்த்தையும் சரி. தங்கம் அதை வழுவில்லாமல் சொல்லியிருந்தாள். ‘உடனே’ தவறிப்போனவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை. “தவறவிட்டவங்க நாம சொன்னதைக் கேட்டுட்டு, கதை முடிஞ்சதுன்னு வீட்டுல உக்காந்திருக்காங்க. நமக்கு அஞ்சு மார்க்கும் கொடுத்துட்டு” என்றார்.

ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். பதிலை மாற்றும் அதிகாரம் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து வந்த மறுமொழியை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நாய்க்கடித் தகவலுக்குப் பயனாளிகள் முழுத் திருப்தி தெரிவித்துள்ளனர், இதுவரை ஒரு குறைகூடப் பதிவாகவில்லை, ஆகவே மாற்றம் தேவைப்படவில்லை. முத்துலட்சுமி கொடுத்த ஐந்துக்கு ஐந்தும் அந்தத் திருப்தியில் சேர்ந்திருந்தது. அந்தக் கையெழுத்துக் குறிப்புகளை அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அனுப்பித்தான் பார்த்தாராம். படிவத்தில் இல்லாத கேள்வியைக் கணக்கில் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் ஜெனிபர் அச்சடிக்க மாட்டாள்.

கடைசி ஊசி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, அவர் எங்களுக்கு மறுபடி போன் செய்ததற்கும் மார்க் கேட்க வேண்டுமே என்று முறைப்படி இன்னொரு முறை கூப்பிட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. கரகரப்பான குரல்.

“யாரு?”

சொன்னேன். “ஓ, நீங்கதானா அது. அவ குளிக்கா. என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க.”

“எங்க சேவைக்கு மார்க் கேக்கணும்ணே. நீங்களே போடலாம்” என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. போன் கிடைத்ததா, ஐந்து. மரியாதை, ஐந்து. புரிந்ததா, ஐந்து. போச்சு, இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே நான்காவதைக் கேட்டேன். “சொன்னது உதவியா இருந்துச்சாண்ணே?”

“மூணு” என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. “என்னண்ணே?”

“மூணுன்னேன். ஏன், குறைச்சுப் போடக் கூடாதா?”

“தாராளமா போடலாம்ணே. காரணம் மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

“பின்ன என்ன மேடம்? உடனே போடணும், உடனே போடணும்னு சொன்னீங்களே, லேட்டானாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா என்ன? நான் பிடிவாதக்காரன், சரி. எனக்கு வேணும். எம் பொண்டாட்டி என்ன பாவம் செஞ்சா? ஒரு வாரம் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தா. இருங்க, தொண்டை வத்திருச்சு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்.”

போனைக் கீழே வைக்கிற சத்தம். சொம்பைப் பானையில் விடுகிற சத்தம். பிறகு மடக் மடக்கென்று குடிப்பது கேட்டது. ஒரு மடக்கு குடித்து நிறுத்திப் பார்க்கவில்லை. தாகமெடுத்த மனிதன் குடிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் குடித்தார். நாய் ஒன்று கணீரென்று குரைத்தது. “ஏட்டி, சும்மா கெட” என்று அதட்டினார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

“எங்க விட்டேன்? ஆங், அதுக்குத்தான் ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன். எழுதியாச்சா?”

“எழுதியாச்சுண்ணே.”

“அந்தப் பிள்ளை மேல எழுதிராதீங்க. அது, கொடுத்ததப் படிச்சுச்சு. படிக்கக் கொடுத்தவங்க மேல எழுதுங்க.”

“அப்படியே எழுதுறேன்ணே” என்றேன். அப்படியேதான் எழுதினேன், ஒரு சொல் மாற்றாமல்.

அன்று சாயங்காலம் வாசித்தேன். டாக்டரம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்துவிட்டு ‘அப்புறம்’ வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து, கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடுங்க பாக்கியம்மா” என்றார். மறுநாள் அந்த மூன்று மார்க் மேலிடத்துக்குப் போனது. பதிவான குறை என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்ச நாள் இழுத்தடித்தார்கள். பிறகு வரியைச் சேர்த்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஜெனிபரிடம் போனில் அவர் மூணு மார்க் போட்டது வரைக்கும் சொல்லியிருந்தேன்; வரி சேர்த்த கதைக்கு இன்னும் வரவில்லை. “அக்கா, மெஷின் கேட்டிருந்தா அவரு எதை அழுத்தியிருப்பாரு?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? மெஷினைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை. அது ஐந்து கேள்வியோ ஒரு கேள்வியோ கேட்டுவிட்டுப் போகட்டும். “ஏட்டி, நாய்க்கடிக்கு இப்ப என்ன சொல்றீங்க? சொல்லு பாப்போம்” என்று மட்டும் கேட்டேன்.

பிள்ளை மனப்பாடமாக வைத்திருந்தாள். கழுவுங்கள், உடனே போங்கள், தாமதிக்காதீர்கள் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு, கடைசி வரிக்கு வந்தாள். “நாள் கடந்து போயிருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்கே வாங்க.”

“அது யார் எழுதுன வரின்னு தெரியுமா?” என்றேன்.

“டாக்டருங்கதான எழுதியிருப்பாங்க?” என்றாள்.

“எங்க ஊர்ல நாய் வளக்குற ஒருத்தர் எழுதுனது” என்றேன்.